நடக்கக்கூடிய காலைத் திட்டம்

'நாளை முதல் நான்கு மணிக்கு எழுவேன்' என்று உறுதி கொள்ளாதவர் நம்மில் எவர்? ஆய்வாளனாகிய நானும் ஒருமுறை உடற்பயிற்சி, படிப்பு, கணக்கு என ஏழு காரியங்களை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஐந்தாம் நாள் அவை சுவரில் மட்டுமே இருந்தன.

தருமபுரி மாவட்டத்து உழைப்பாளரின் காலைப்பொழுது முன்னரே நிரம்பியது. மல்பெரி இலையை வெயில் ஏறுமுன் பறித்து, ஈரச் சாக்கினால் மூடி வைத்தல் வேண்டும். வாடிய இலையைப் பட்டுப்புழு விரும்பாது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் நெசவாளருக்கும் இளங்காலையே உகந்தது. பால் சங்கமோ எவருக்காகவும் காத்திராது. ஆதலின், இத்தகைய கட்டாய வேலைகளை முதலில் குறித்து, அவற்றோடு ஒரே ஒரு காரியத்தை மட்டும் சேர்த்தல் நன்று.

சிறிதாகத் தொடங்குதல் கூட்டுறவாளருக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் கடை திறந்த ராச்டேல் முன்னோடிகள், தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு மாலைகளில் மட்டுமே அதனை நடத்தினர். நெசவாளர் முதலிய தொழிலாளராகிய அவர்களுக்கு வேலை முடிந்தபின் வாய்த்த பொழுது அவ்வளவே.

சேர்க்கவேண்டிய அந்த ஒரு காரியம் யாது? ஆடவராகிய உறுப்பினர்களே, எண்ணிப் பாருங்கள். இலை பறித்தல், பால் கறத்தல், சமைத்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் அனைத்தையும் இல்லத்தரசி ஒருத்தியே சுமக்க, நாம் தேநீர்க் கடையில் செய்தித்தாள் புரட்டுவது முறையாகுமா? அவற்றுள் ஒன்றை நாளை முதல் நாம் ஏற்போம். கூட்டுறவு முதலில் நம் வீட்டில் நிலைபெறட்டும்.