கெல்லருக்குள் கிடப்பவை

போன மாதம் ஒருநாள் என் மகள் இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். தாதியாக வேலை செய்கிறாள். மாடியில் அவளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும், கீழே நானும் மனிசியும். கதவைத் திறந்தவள் பேரனின் பள்ளிக்கூடப் பையில் கால் தடக்கி, பக்கத்தில் நின்ற 20 கிலோ அரிசி மூட்டைக்கு மேல் விழுந்தாள். அடி ஒன்றுமில்லை. ஆனால் எழும்பிவந்து படியில் இருந்து அழத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா, இரவு முழுக்க வோட்டிலை ஓடுறதைவிட இந்த வீட்டுக்குள்ளை வாறதுதான் எனக்குக் களைப்பா இருக்கு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "நாங்கள் ஒரு பையோடை வந்தனாங்கள் பிள்ளை. இதெல்லாம் பாடுபட்டுச் சேர்த்தது" என்றேன்.

"தெரியும் அப்பா. ஆனா நான் இஞ்சை பிறந்தனான்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கெல்லருக்குள் பக்கவாட்டில்தான் நடக்கலாம். (ஜேர்மனிக்கு வெளியே இருப்பவர்களுக்கு: கெல்லர் என்றால் வீட்டுக்குக் கீழே உள்ள நிலவறை. கனடாக்காரர் அதை பேஸ்மென்ற் என்று சொல்லி வாடகைக்கு விடுவார்கள். நாங்கள் சாமான் அடைவோம்.) கெல்லர் நிரம்பி வழிந்ததுதான் விறாந்தைக்கு வந்தது. விறாந்தையில் வழிந்ததில்தான் மகள் விழுந்தாள்.

நான் 1984 கடைசியில் கிழக்கு பெர்லின் வழியாக வந்த கூட்டத்தில் ஒருவன். வேலை செய்ய அனுமதி இல்லை, நகர எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. ஹைமை விட்டு முதல் அறைக்குப் போனபோது அங்கே ஒரு மின்குமிழ் மட்டும் இருந்தது. எங்களுக்குத் தளபாடக் கடையாக இருந்தது ஸ்பெர்முல். ஜேர்மன்காரர் வேண்டாத பெரிய சாமான்களை அதற்கென்று ஒதுக்கிய நாளில் தெருவோரம் வைப்பார்கள். இருட்டினபிறகு நாலு பேராகப் போவோம். கட்டில், கதிரை, நல்ல ஓக் மர அலுமாரி. ஒருமுறை தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீற்றர் நடந்தோம், அது வேலை செய்யவில்லை. இவ்வளவு நல்ல பொருளை எறிகிறார்களே, இவர்களுக்கு மண்டை பிழையோ என்று அப்போது சிரித்தோம். எதையும் எறியக்கூடாது என்ற பாடத்தை நான் படித்தது அந்தத் தெருக்களில்தான்.

அந்த அலுமாரி இன்னும் கெல்லரில் நிற்கிறது. ஒரு கதவு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று போன மாதம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். சாமத்தியவீடுகளுக்கும் கலியாணங்களுக்கும் வந்த பீங்கான் செற்றுகள் ஒன்பது, ஒன்றும் பெட்டி திறக்கப்படவில்லை. வீடியோக் கசெற்றுகள், போட்டுப் பார்க்க டெக் இல்லை. நூறு பேருக்குச் சமைக்கும் கிடாரம் இரண்டு. துருக்கிக் கடைத் தயிர் வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூரை வரைக்கும். மனிசியைக் கேட்டால் "மா போட்டு வைக்க உதவும்" என்பாள். அத்தனை வாளிக்கும் மா அரைப்பதென்றால் ஒரு மில் போடவேண்டும்.

அடியில் ஒரு சூட்கேஸ். ஊருக்குக் கொண்டுபோகவென்று அடுக்கியது. 2002இல் ஏ9 பாதை திறந்தபிறகு தங்கச்சியின் மகனுக்கென்று வாங்கிய சப்பாத்தும் உடுப்பும். 2006இல் சண்டை திரும்பத் தொடங்கியது, பாதை பூட்டப்பட்டது, பயணம் நின்றது. சப்பாத்து ஐந்து வயதுப் பிள்ளைக்குரியது. அவனுக்கு இப்போது கலியாணம் முடிந்துவிட்டது. சூட்கேஸை மூடிவிட்டு மேலே வந்து தேத்தண்ணி குடித்தேன். அன்று வேறு வேலை ஓடவில்லை.

மகள் 2019 தொடக்கத்தில் நெற்ஃபிளிக்ஸில் மரி கொண்டோவின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு எனக்கும் காட்டியவள். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, மகிழ்ச்சி வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். நல்ல விசயம்தான். ஆனால் என்னுடைய பழைய டுல்டுங் கடுதாசியைக் கையில் எடுத்தால் எனக்கு என்ன மகிழ்ச்சி வரும்? உன்னைத் திருப்பி அனுப்புவதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம் என்று எழுதிய கடுதாசி அது. வயிறு கலங்கும். அதை எறியமாட்டேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது என் அம்மா நகைக்கு முதல் எடுத்தது காணி உறுதியை. பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு செம்மணி தாண்டினவ. பாதுகாப்பு வலயத்துக்குள் போன அந்தக் காணி யுத்தம் முடிந்து பல வருசத்துக்குப் பிறகுதான் விடுபட்டது. எல்லையும் தெரியாத பற்றைக்குள் நின்று இது எங்கடை என்று சொல்ல எங்களிடம் இருந்தது அந்த மக்கிய தாள்தான். எங்கள் ஆட்கள் தாள்களைக் கட்டிக் காப்பதைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம்.

ஆனால் அம்மா ஒன்பது பீங்கான் செற்றுகளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. எதைத் தூக்குவது என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள்தான் உறுதியையும் தயிர் வாளியையும் ஒரே பயத்தோடு ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். "தேவைப்படும்" என்கிறோம். முப்பது வருசம் தேவைப்படாத சாமானைப் பார்த்தும் அதையே சொல்கிறோம்.

இன்னொரு விசயம் ஆம்பிளையளுக்கு. அமெரிக்காவில் சாக்ஸ்பே, ரெப்பெற்றி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளின் வீடுகளைப் பார்த்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். நாள் போகப் போக உடம்பில் குறையவேண்டிய கோர்ட்டிசோல் என்ற அழுத்தச் சுரப்பு, வீடு சாமான் குவிந்து அரைகுறையாய்க் கிடக்கிறது என்று சொன்ன மனைவிமாருக்குச் சரியாகக் குறையவில்லையாம். கணவன்மாரில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. எனக்கு இது விளங்கிற்று. கெல்லர் எனக்குச் சேமிப்பு, மகளுக்கு முடிக்காத வேலை. அள்ளி அடைந்தவன் நான், ஒதுக்குகிறது அவளும் தாயும். ஒரு வீட்டில் எது இருக்கலாம் எது போகவேண்டும் என்று சொல்லும் உரிமை அதை ஒதுக்குகிறவருக்குத்தான் இருக்கவேண்டும் என்பது இப்போது என் கருத்து. சண்டைக்கு வருபவர்கள் முதலில் ஒரு மாதம் தும்புத்தடியைப் பிடித்துவிட்டு வாருங்கள்.

மகள் சொன்னபடி செய்தோம். தாள்கள், படங்கள், அம்மாவின் ஒரு சீலை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போய் என் அறைக்கு வந்தன. கசெற்றுகளை மருமகன் கொம்பியூட்டருக்கு மாற்றுகிறேன் என்று எடுத்துக்கொண்டான், நம்பிக்கை இல்லை. இப்போது ஸ்பெர்முலுக்கு முன்பதிவு செய்து நாள் எடுக்கவேண்டும். அந்த நாளுக்கு முதல் மாலை அலுமாரியை நானும் மருமகனும் தெருவுக்குத் தூக்கினோம்.

இருட்டினபிறகு யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பெடியள் வந்தார்கள். அரபு கதைத்தார்கள். கதவில்லாத இடத்தைத் தடவிப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள், பாரம். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிப்போய் மூன்றாவது ஆளாகப் பிடித்தேன். மூலைக் கட்டிடத்தின் மூன்றாம் மாடி. மூச்சு வாங்கிவிட்டது. போன கையோடு திறக்காத பீங்கான் செற்று ஒன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சூட்கேஸ் இன்னும் கெல்லரில்தான் இருக்கிறது. மகள் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தயிர் வாளிகளில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதிக்கு மனிசியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.