பெண்ணுக்கென்று செய்த ஸ்கீ

சமையல் மேடை உயரமாக இருந்தால் தோள்பட்டை வலிக்கும். தாழ்வாக இருந்தால் இடுப்பு விட்டுப்போகும். மேடை கட்டும் கொத்தனார் நம்மை நிற்க வைத்து அளவு எடுப்பதில்லை. வலி வந்த பிறகு, "எனக்குத்தான் தெம்பில்லை" என்று நாமும் தைலத்தைத் தேடுகிறோம். போன குளிர்காலத்தில் இதே சங்கதியை ஒரு பனிமலை அடிவாரத்தில் பார்த்தேன்.

என் தங்கை அமெரிக்காவில் டென்வர் நகரில் குடியிருக்கிறாள். ராக்கி மலைகள் பக்கம்தான். குளிர்காலம் வந்தால் அங்கே குடும்பம் குடும்பமாகப் பனிச்சறுக்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இவளும் கற்றுக்கொண்டாள். "நல்ல சாமான் வீட்டிலேயே இருக்கே, எதுக்குப் புதுசு?" என்று மாப்பிள்ளையின் பழைய ஸ்கீ மட்டைகளையே மூன்று வருஷம் மாட்டிக்கொண்டாள். ஒரு நாள் திருப்பத்தில் மட்டை திரும்பாமல் நேரே இழுத்துக்கொண்டு போக, விழுந்ததில் முழங்காலுக்குள் இருக்கும் இணைப்பு நார் அறுந்துபோனது. ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் உடற்பயிற்சி. நான் போன சமயம் டாக்டர் மறுபடி மலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். இவளுக்குத்தான் பயம். "எனக்கு இதெல்லாம் வராதுக்கா. என் கால் அப்படி" என்றாள்.

மட்டைகளை விற்றுவிடலாம் என்று ஒரு கடைக்குப் போனோம். பழுது பார்க்கும் மேசையில் என் வயதுப் பெண்மணி ஒருத்தி. மட்டைகளின் அடிப்பாகங்களைச் சேர்த்து நிறுத்தி, "கையால் அழுத்துங்கள்" என்றாள். நடுவில் இருந்த இடைவெளி என் தங்கையின் பலத்துக்கு மூடவேயில்லை. "உங்கள் எடை?" "ஐம்பத்திரண்டு கிலோ." "இவற்றை வாங்கியவர்?" "எண்பத்து நாலு." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு, குறுக்கே அறுத்த ஒரு மட்டையைக் காட்டினாள். வெளியே ஒரே பலகை போலத் தெரிந்தாலும் உள்ளே அடுக்கடுக்காக இருக்கிறது. நடுவில் மரப்பட்டிகள். பாப்லர், பவுலோனியா போன்ற மரங்கள் லேசு; பீச், ஆஷ் கனமும் உறுதியும் உள்ளவை. மேலும் கீழும் பிசினில் ஊறிய கண்ணாடி நார்த்துணி. அடியில் மெழுகு தேய்க்கும் பிளாஸ்டிக் தகடு, ஓரங்களில் எஃகு விளிம்பு. எல்லாவற்றையும் அச்சில் வைத்துச் சூடாக்கி அழுத்தி ஒட்டுகிறார்கள். முரட்டு வேகத்திலும் மட்டை அதிராமல் இருக்கச் சில வகைகளில் டைட்டனல் என்ற அலுமினியக் கலவைத் தகடும் சேர்ப்பதுண்டு. ஸ்கீயில் உலோகத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் விமானத் தொழிலில் இருந்த ஹோவர்ட் ஹெட். 1950-ல் அவர் மட்டை கடைக்கு வந்தது.

இந்த அடுக்குகளில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்கீயின் முனையும் வாலும் அகலம், இடுப்பு குறுகல். சாய்த்து நின்றால் நம் எடையில் மட்டை வில்லாக வளையும். அந்த வளைவும் பக்கத்து ஒடுக்கமும் சேர்ந்துதான் திருப்பம் கிடைக்கிறது. வளையாவிட்டால் திருப்பம் இல்லை. எண்பத்து நாலு கிலோவுக்குக் கணக்குப் பண்ணிச் செய்ததை ஐம்பத்திரண்டு கிலோ எப்படி வளைக்கும்? பயத்தில் இவள் பின்னால் சாய்வாள். அப்போது முன்முனையில் பிடிப்பு இன்னும் குறையும். "நான் செய்த தப்பு என்று நினைச்சேன்கா" என்று தங்கை மெல்லச் சொன்னாள்.

பெண்ணுக்கென்று யோசித்துச் செய்யும் மட்டையில் நடு மரம் லேசாகவும் சற்று மெலிசாகவும் இருக்கும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடுமாம். உலோகத்தை முழு நீளத்துக்கும் போடாமல் தேவையான இடத்தில் மட்டும் வைப்பார்கள். சீர்செய்த பாதை, உதிரிப் பனி இரண்டிலும் ஓடும் வகைக்கு இடுப்பு அகலம் 85-லிருந்து 100 மில்லிமீட்டர் வரை. அகலம் கூடினால் உதிரிப் பனியில் மிதக்கும். இறுகிய பனியில் சாய்க்க முழங்காலுக்கு வேலை கூடும். முனை சற்று முன்னதாகவே மேல்நோக்கி வளைந்திருந்தால் திருப்புவது சுலபம். 2002-ல் ஷேன் மெக்கான்கி என்ற வீரரின் யோசனையில் வந்த 'ஸ்பாட்டுலா' மட்டைக்குப் பிறகு இந்த வளைவு பரவியது. தோசைத் திருப்பியின் பெயர்தான் அதற்கு!

பெண்களின் உடல் எடை பொதுவாகச் சற்றுக் கீழே அமைவதால், பூட்ஸ் மாட்டும் பிடியைக் கொஞ்சம் முன்னே வைக்கச் சொல்லி ஜீனி தோரன் என்ற அமெரிக்கப் பெண்மணி பல வருஷம் வாதாடினார். கெண்டைச் சதையும் நமக்குத் தாழ்வாக இருப்பதால் பூட்ஸின் கழுத்தையும் குட்டையாகச் செய்கிறார்கள்.

மாப்பிள்ளை சிரித்தார். "ரோஸ் கலர் அடிச்சு விலையை ஏத்துவாங்க, அவ்வளவுதான்." கடைக்காரப் பெண்மணி கோபிக்கவில்லை. "அப்படியும் நடக்கிறது. ஆண்கள் மட்டையைக் குட்டையாக்கி வர்ணம் பூசி விற்பதுண்டு. கனமும் பலமும் உள்ள பெண்ணுக்குப் பொது மட்டையே பொருந்தும். பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்" என்றாள்.

அப்புறம் பூட்ஸ் பிடியின் எண்ணைக் குனிந்து பார்த்தாள். விழும்போது பூட்ஸை விடுவிக்க வேண்டிய விசை அது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், பழக்கம் எல்லாம் பார்த்து வைக்க வேண்டியது. மூன்று வருஷமும் அது மாப்பிள்ளையின் எண்ணிலேயே இருந்திருக்கிறது. அவர் முகம் வெளுத்துப் போய்விட்டது. "நீளத்தை மட்டும்தான் மாத்தினேன்" என்றார். "இது முக்கியமாகக் கால் எலும்பைக் காப்பதற்கு. சரியாக இருந்திருந்தாலும் நார் அறுந்திருக்கலாம். ஆனாலும் இப்படி விடக்கூடாது" என்றாள் அவள். பனிச்சறுக்கில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்த நார் அதிகம் அறுகிறது. மட்டை மட்டும் காரணமில்லை, தொடைத் தசைக்கான பயிற்சியும் அவசியம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

வாங்காமல், லேசான ஒரு ஜோடியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். குழந்தைகள் பழகும் சரிவில் தங்கை இரண்டு தடவை இறங்கினாள். மூன்றாவது தடவை அவளாகவே மேலே போனாள். கீழே நின்ற மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை; அவள் கையுறையைத் துடைத்துக் கொடுத்தார்.

வெளிநாட்டில் பெண்ணையோ மருமகளையோ வைத்திருக்கும் சகோதரிகள் அவர்களுக்கு எழுதுங்கள்: வீட்டு ஆண்களின் மட்டையை மாட்டிக்கொள்ள வேண்டாம், முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும், தன் சரியான எடையைக் கூச்சப்படாமல் கடையில் சொல்லட்டும், பிடியின் எண்ணைப் பழகியவர்தான் வைக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் என் சமையல் மேடையை அளந்தேன். காய் நறுக்க, மேடை முழங்கைக்கு 10-லிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இருப்பது நல்லது. என்னுடையது முழங்கைக்கு 6 சென்டிமீட்டர்தான் கீழே. இப்போது ஒரு மணைப் பலகையைப் போட்டு அதன்மேல் நின்று நறுக்குகிறேன். தோள்பட்டை வலி பாதி குறைந்திருக்கிறது.