ரத்த அழுத்தம்: எந்த அளவை நம்புவது?

கேள்வி: வீட்டுக் கருவியில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு காட்டுகிறதே?

பதில்: ஒரே இடத்து மண்ணை வைத்து வயலைக் கணிக்க முடியாது. ரத்த அழுத்தமும் அப்படித்தான். களை வெட்டி வந்த கையோடு பார்த்தால் கூடுதலாகவே காட்டும். டீ, பீடிக்குப் பிறகு அரை மணி நேரம் போகட்டும். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் மேல்கையில் சுற்றி, கையை மேஜையில் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். 1 நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் 7 நாட்கள் குறித்து வையுங்கள். சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவு குறைந்துவிட்டதென்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறைத்ததே அந்த மாத்திரையாக இருக்கலாம். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.