மடிவீக்கத்துக்குக் கற்றாழை: அளவு சொன்னாத்தான் மருந்து

மூலிகைன்னாலே பட்டணத்து நண்பர்கள்ல பாதிப் பேர் கும்பிடுறாங்க, பாதிப் பேர் சிரிக்கிறாங்க. ரெண்டும் வேண்டாம். கற்றாழையை மட்டும் வச்சு என் கருத்தைச் சொல்றேன்.

கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தா மடி சூடாகி, வீங்கி, கல்லு மாதிரி இறுகிடும். பால் திரிதிரியா வரும். காம்புத் துளை வழியா கிருமி ஏறுறதுதான் பெரும்பாலும் காரணம். வழக்கமான வைத்தியம் ஆன்டிபயாடிக் ஊசி. ஊசி போட்டா டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் பாலை விக்கக் கூடாது. ரெண்டு மாடு வச்சிருக்கிறவனுக்கு அந்தப் பால்தான் அந்த வார மளிகை. கொட்ட மனசு வராம கேன்ல ஊத்திட்டா, மருந்தோட உங்க காபி டம்ளருக்கு வந்து சேரும்.

இதுக்குத்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு வைத்தியத்தை முறைப்படுத்திக் கொடுத்தார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூணையும் அரைச்சா செக்கச்செவேல்னு விழுது வரும். பாலை முழுசா பீச்சிட்டு, மடியைக் கழுவி, ஒரு கை விழுதைத் தண்ணியில கரைச்சுப் பூசணும். ஒரு நாளைக்கு 10 தடவை, 5 நாள். தினமும் புதுசா அரைக்கணும். தேசிய பால்வள வாரியமும் இதை மத்த மாநிலங்களுக்குக் கொண்டுபோயிருக்கு.

இந்த மூணு பொருளும் எங்க பாட்டிமாருக்கும் தெரியும். ஆனா 'கொஞ்சம் கொஞ்சம்'னுதான் சொல்வாங்க. அந்தக் 'கொஞ்சம்' கிராமா மாறினதாலதான் குஜராத்காரரும் நம்பிப் பூச முடியுது.

கல்வராயன் மலையில வெள்ளிமலை தாண்டி உள்ள இருக்கிற ஊர்களுக்கு டாக்டர் வந்து சேர நேரமாகும். வீக்கம் தெரிஞ்ச அன்னைக்கே வேலியோரக் கற்றாழையை வெட்டிப் பூசினா அந்த நேரம் வீணாகாது. அதே சமயம் மாடு தீனி எடுக்கலை, காய்ச்சல் அடிக்குது, பால்ல ரத்தம் வருதுன்னா கற்றாழையோட நிக்கக் கூடாது. உடனே 1962-க்குப் போன் போடணும்.

நம்ம மூட்டுவலிக்குச் சொல்ற நொச்சி, முடக்கத்தான், வாதநாராயணன் இலைக்கும் இதே மாதிரி கணக்கு வேணும்ங்கிறேன். அடுத்த தடவை வாட்ஸ்அப்ல இலை வைத்தியம் வந்தா, அனுப்பினவரைக் கேளுங்க: எவ்வளவு? எத்தனை நாள்? எப்ப நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்? பதில் இல்லேன்னா மத்தவங்களுக்கு அனுப்பாதீங்க.