பெண் பிள்ளைக்குக் குத்துச்சண்டை எதற்கு?

முஹம்மத் அலியின் பெயரைச் சொன்னால் நம் பெரியவர்களின் முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். அதே வீட்டில் ஒரு பெண் பிள்ளை, "நானும் ஒருநாள் குத்துச்சண்டை வகுப்புக்குப் போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேட்டால் அந்தப் பெருமிதம் மறைந்து பதற்றம் வந்துவிடுகிறது. இந்தப் பதற்றத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, எவ்வளவு வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடந்த விடுமுறையில் கொழும்பிலுள்ள சாச்சி வீட்டில் தங்கியிருந்தேன். அவர் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியுள்ள ஒரு பழைய குத்துச்சண்டைக் கூடத்தின் அறிமுக வகுப்புக்குப் போகவிருந்தார். என்னையும் கூப்பிட்டார். தொலைபேசியில் உம்மா, "பொம்புளப் பிள்ளக்கி இது என்னத்துக்கு மகள்? கைகால் ஒடைஞ்சா ஆரு பதில் சொல்ற?" என்றார். வாப்பா சிறிது யோசித்துவிட்டு, "சாச்சியோட தானே, போய்ப் பாத்திட்டு வாங்க" என்றார்.

நான் அங்கே அடிதடியை எதிர்பார்த்துப் போனேன். ஆனால் முதல் இருபது நிமிடங்களில் நாங்கள் செய்ததெல்லாம் கையில் துணிப்பட்டி சுற்றப் பழகியதுதான். ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டையும் விரல் மூட்டுகளையும் சேர்த்துக் கட்டாமல் குத்தினால் முதலில் நோவது குத்துபவரின் கைதான். பெருவிரலை முஷ்டிக்குள் மடிக்கக் கூடாது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். பிறகு ஸ்கிப்பிங். மூன்று நிமிடம் பாய்ச்சல், ஒரு நிமிடம் ஓய்வு. போட்டியிலும் ஒரு சுற்று மூன்று நிமிடம்தான். முதலாவது சுற்று முடியுமுன்னே எனக்கு மூச்சு வாங்கியது. பதினேழு வயதில் மூன்று நிமிடம் தாங்காத உடம்போடு இருக்கிறோம் என்பது யோசிக்க வேண்டிய விடயம்.

அடுத்தது நிற்கும் முறை. இடது கால் முன்னே, வலது குதிகால் சற்று உயர்ந்து, நாடி தாழ்ந்து, இரு கைகளும் கன்னத்தருகில். குத்தின் பலம் தோளிலிருந்து வருவதில்லை. அது பாதத்தில் தொடங்கி, இடுப்புத் திரும்பி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. ஆகவே கைப்பலம் குறைந்தவர்களும் இதைப் பழகலாம். கூரையிலிருந்து தொங்கிய கனத்த பையில்தான் நாங்கள் குத்தினோம். யாரும் யாரையும் தொடவில்லை.

எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது வேறொன்று. குத்தும்போது மூச்சைச் சத்தத்தோடு வெளியே விட வேண்டும். பயிற்சியாளர் ஒரு சிங்களச் சகோதரி. "தங்கச்சி, சத்தம் போடுங்க. பயம் வேணாம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு பெண்கள் நின்றோம். எல்லோருக்கும் கை நீண்டது. ஒருவருக்கும் குரல் வரவில்லை. பையில் குத்த வெட்கப்படாத நாங்கள் சத்தம் போட வெட்கப்பட்டோம். "ரோட்டில ஏதும் பிரச்சினை எண்டா முதல்ல கை இல்ல, சத்தம். பிறகு ஓட்டம். கை கடைசி" என்று அவர் விளக்கினார்.

அந்த வார்த்தையை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். பஸ்ஸில் யாராவது உரசினால் நாம் என்ன செய்கிறோம்? இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிடுகிறோம். வீட்டில் சொன்னால் டியூசனை நிறுத்திவிடுவார்கள் என்று மறைக்கிறோம். நாணம் ஈமானின் ஒரு பகுதி என்று நமக்குக் கற்பிக்கப்படுகிறது. அது உண்மை. ஆனால் நாணம் வேறு, ஊமையாக இருப்பது வேறு. தவறு செய்பவனுக்கு வர வேண்டிய வெட்கத்தைப் பாதிக்கப்பட்டவள் சுமப்பது நாணம் ஆகாது.

பெற்றோரின் ஆட்சேபனைகளைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது மார்க்கம் சம்பந்தமானது. முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். எதிராளியின் தலையையும் முகத்தையும் குறிவைக்கும் போட்டிக் குத்துச்சண்டையை உலமாக்கள் பலர் கூடாதென்று சொல்வதற்கு அதுவே முக்கிய காரணம். தலையில் விழும் அடி மூளையைப் பாதிக்கும் என்று மருத்துவமும் சொல்கிறது. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே நான் கேட்பது மேடையல்ல, பயிற்சி. பையில் குத்துவதிலும், ஓடுவதிலும், மூச்சை ஆள்வதிலும் எவருடைய முகமும் இல்லை. உடல் பலத்தை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியது ஹதீஸில் பதிவான செய்தி.

இரண்டாவது, உடை. 2016 இல் அமெரிக்காவில் அமையா ஸஃபர் என்ற மாணவி ஹிஜாபைக் கழற்ற மறுத்ததால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். வெற்றியாளராக அறிவிக்கப்பட்ட எதிராளிப் பெண், அந்தப் பட்டியை அவரோடு பகிர்ந்துகொண்டார். 2019 இல் சர்வதேசச் சங்கமே விதியை மாற்றி ஹிஜாபையும் முழு உடல் மறைக்கும் ஆடையையும் அனுமதித்தது. உலக அரங்கிலேயே தீர்ந்துவிட்ட பிரச்சினை, பெண்கள் மட்டும் இருக்கும் ஒரு மண்டபத்தில் எழவே வேண்டியதில்லை.

மூன்றாவது, "இது நமக்குரியதல்ல" என்பது. 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் தந்தவர் குத்துச்சண்டை வீரர் பார்னி ஹென்றிகஸ். 2018 இல் கோல்ட் கோஸ்டில் வெண்கலம் தந்தவர் அனுஷா கொடித்துவக்கு என்ற பெண். அயலிலே இந்தியாவில், நிஸாமாபாத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண் நிகத் ஸரீன் 2022 இலும் 2023 இலும் உலகச் சம்பியனானார். அவரை மைதானத்துக்குக் கைபிடித்துக் கூட்டிச் சென்றவர் அவருடைய தந்தை. நம் கிழக்கிலங்கை ஊர்களில் சீனடியும் சிலம்படியும் மூத்தவர்கள் பழகிய கலைகள்தாம். தற்காப்பு நமக்குப் புதிதல்ல. பெண் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதுதான் புதிது.

ஒரு வகுப்பினால் யாரும் வீராங்கனை ஆகிவிட மாட்டார்கள். இரண்டு குத்துப் பழகியதும் எவரையும் எதிர்க்கலாம் என்று நினைப்பதும் ஆபத்து. மறுநாள் எனக்குத் தோளும் கெண்டைக்காலும் வலித்தன. ஆனால் ஒன்பதாம் தரத்துக்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் ஓடியிருக்கிறோம்? சாதாரண தரம் நெருங்கும்போது முதலில் பறிபோவது உடற்கல்விப் பாடவேளைதானே? நீரிழிவுக்கும் முழங்கால் வலிக்கும் நம் உம்மாமார் கிளினிக்கில் வரிசையில் நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். அவர்களும் ஒரு காலத்தில் நம் வயதில் இருந்தவர்கள்தாம்.

ஆகவே என் வேண்டுகோள் எளிமையானது. வாரத்தில் ஒருநாள், பாடசாலை முடிந்தபின் ஒரு மணித்தியாலம், நம் மண்டபத்தில், ஒரு பெண் பயிற்சியாளரைக் கொண்டு தற்காப்புப் பயிற்சி தரலாம். பழைய மாணவிகள் சங்கமும் பெற்றோரும் மனம் வைத்தால் இரண்டு பைகளும் சில ஸ்கிப்பிங் கயிறுகளும் பெரிய செலவல்ல. முதல் வகுப்புக்கு உம்மாமாரும் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். விரும்பினால் அவர்களும் பழகட்டும். நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் பாடம் கையை ஓங்குவதாக இருக்காது. "வேண்டாம்" என்று உரத்துச் சொல்வதாக இருக்கும்.