ஒரு நாளைக்கு 10 மாத்திரை: டிமென்ஷியா முதியவர்களுக்கு மருந்தே சிக்கலாவது எப்படி?

"அப்பத்தாவுக்குப் போன மாசம் கொடுத்ததையே கொடுங்கண்ணா." ராசிபுரம், ஆத்தூர், எடப்பாடி என எந்த ஊர் மெடிக்கலிலும் சாதாரணமாகக் கேட்கும் வார்த்தை இது. பிபி, சுகர், மூட்டு வலி, தூக்கம் என மாத்திரைப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அந்த அப்பத்தாவுக்கு மறதி நோயும் இருந்தால்?

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4 சதவீதம். 'வயசானா அப்படித்தானுங்க' என்று கடந்து போய்விடும் இடத்தில்தான் பாதிப்பு அதிகம்.

எத்தனை மாத்திரை 'அதிகம்'?

ஒருவர் தினமும் 5 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் எடுத்தால் மருத்துவர்கள் அதை 'பாலிஃபார்மசி' என்கிறார்கள். 5 மாத்திரை என்பதே தப்பு என்று அர்த்தமில்லை. சுகர், பிபி, இதய நோய் மூன்றும் உள்ளவருக்கு ஐந்தும் தேவையாக இருக்கலாம். எண்ணிக்கை கூடக்கூட, ஒரு மருந்து இன்னொன்றோடு மோதும் வாய்ப்பும் கூடும் என்பதுதான் கவலை.

வயதானால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறையும். 50 வயதில் ஒத்துப்போன அளவு, 75 வயதில் அதிகமாகிவிடலாம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நினைவாற்றலுக்கு அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் முக்கியம். அல்சைமர் நோயில் இது குறைகிறது. இருப்பதைக் காப்பாற்றத்தான் டோனெபெசில் மாத்திரை தரப்படுகிறது. இந்த மாத்திரையால் சிலருக்கு சிறுநீரை அடக்க முடியாமல் போகும். வீட்டில் இருப்பவர்கள் அதைப் புது நோய் என்று நினைத்து வேறொரு டாக்டரிடம் போவார்கள். அவர் ஆக்சிபியூட்டினின் போன்ற மருந்தை எழுதுவார். அது அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து!

சங்ககிரி லாரி டிரைவருக்குச் சொன்னால் உடனே புரியும். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிப்பது மாதிரி.

பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து தரும் இந்தச் சங்கிலி, மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. டோனெபெசில் வகை மருந்துகளுக்குப் பிறகு சிறுநீர்ப் பிரச்சினைக்கான மருந்து கூடுவதை கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு 2005-லேயே காட்டியது.

சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவைதான். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு இந்த வகையைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் 'பியர்ஸ்' பட்டியல். இரவில் கத்துகிறார், அடிக்க வருகிறார் என்பதற்காகத் தரும் மனநோய் மருந்துகள், டிமென்ஷியா முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க எஃப்.டி.ஏ 2005-லேயே எச்சரித்தது.

நம்ம ஊரில் கூடுதல் சிக்கல்

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. நடக்க முடியாத முதியவருக்கு இது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே முதியவர் சேலத்தில் தனியார் டாக்டரையும் பார்ப்பார். அரசு தரும் அட்டையில் அம்லோடிபின் என்றிருக்கும், தனியார் சீட்டில் அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் போட்டால் பிபி இறங்கும், தலை சுற்றும், கீழே விழுவார். மறதி உள்ளவர் என்றால், காலையில் போட்டதை மறந்து மதியம் திரும்பவும் போடுவார். சுகர் மாத்திரையில் இது நடந்தால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையை வாசல்வரை கொண்டுவரும் ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடுதான் அடுத்து தேவை. அந்த வாசலில் நிற்கும் சுகாதாரத் தன்னார்வலருக்கு இதற்கான பயிற்சி தந்தால், தனியாக ஒரு திட்டம்கூட தேவைப்படாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பிபி, வலிப்பு, தூக்க மாத்திரைகளைத் திடீரென விட்டால் ஆபத்து.

அமெரிக்காவில் வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் பிரவுன் கவரில் போட்டு எடுத்துவரச் சொல்வார்கள். நமக்கு மஞ்சப்பை போதும். நாட்டு மருந்து, வலி நிவாரணி, கண் சொட்டு மருந்து, பழைய சீட்டு எல்லாவற்றையும் அதில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, குடும்ப டாக்டரோ, யாராக இருந்தாலும் சரி. 'இதில் எதை நிறுத்தலாம்?' என்று நேராகக் கேளுங்கள். பல வருஷமாக மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் மறதி வரும், அதைச் சரி செய்யவும் முடியும்.

மாத்திரை டப்பா முதியவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கொடுப்பவர் ஒருவராகவே இருப்பது நல்லது.

நேற்றுவரை பேசியவர் இன்று திடீரென குழம்பினால், புதிதாக ஏதாவது மருந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது.