லோ துரை நட்ட மரமும் நம் பாட்டன் பட்ட கடனும்



ஈப்போவில் இன்று ஜாலான் சுல்தான் இஸ்கண்டார் எனப்படும் சாலைக்கு முன்பு ஹியூ லோ ஸ்திரீட் என்று பெயர். யார் இந்த ஹியூ லோ? நம் வரலாற்றோடு அவருக்கு என்ன தொடர்பு?

1824-இல் இங்கிலாந்தில் செடி வளர்த்து விற்கும் குடும்பத்தில் பிறந்தவர். செடி சேகரிக்கப் போர்னியோ வந்தவர், பிறகு லாபுவானில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் அரசுப் பணி செய்தார். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டு பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877-இல் அந்தப் பதவிக்கு லோ வந்தார். பெயருக்கு ஆலோசகர்; உண்மையில் ஆட்சியே அவர் கையில்தான். 1889 வரை 12 ஆண்டுகள் ஆண்டார்.

நல்லது செய்யவில்லையா? செய்தார். மலாய்த் தலைவர்களையும் சீனத் தலைவர்களையும் மாநில மன்றத்தில் உட்கார வைத்துப் பேசினார். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இரயில் ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடனுக்காக மனிதனை அடிமையாக வைத்திருக்கும் வழக்கம் அவர் ஆட்சியில், 1883 இறுதியோடு ஒழிக்கப்பட்டது.

ஆனால் அதே காலத்தில் கிரியான் கரும்புத் தோட்டங்களில் என்ன நடந்தது? கப்பல் செலவைத் தலையில் கடனாகச் சுமந்து சஞ்சிக்கூலிகளாக வந்த நம்மவர்கள், அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. ஓடினால் சிறை! இதற்குப் பெயர் அடிமைத்தனம் இல்லையாம், ஒப்பந்தமாம்! இந்தியர்களுக்கான இந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

லோ கொடியவர் என்று சொல்வது நம் நோக்கமன்று. ஒரு கடனடிமையைக் கண்டு இரங்கிய ஆட்சி, இன்னொரு கடனடிமையைக் கூலி என்று கணக்கெழுதியது. அதைத்தான் கேட்கிறோம்.

1877-இல் சிங்கப்பூர் வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கோலகங்சாரில் லோவின் இல்லத்தருகே நடப்பட்டன. அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. அந்த ஆண்டு லோ எழுதிய நாட்குறிப்பும் 1954-இல் அச்சாகிவிட்டது. மரத்துக்குப் பெயர்ப்பலகை, துரைக்குப் புத்தகம். பால் வெட்டியவர்களுக்கு?

துண்டாடலில் தோட்டங்கள் போயின. பின்னர் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. லயம் இடிந்தபோது பெரட்டுக் களமும் கோயிலும் சுடுகாடும் பல இடங்களில் சேர்ந்தே மறைந்தன. இங்கேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடியுரிமைக்கு அலைபவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. தாளில் இல்லாதவன் நாட்டிலும் இல்லாதவனாகிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே வேலையை நம் வீட்டிலேயே தொடங்குவோம். பழைய சம்பளச் சீட்டு, தோட்டப் பள்ளிச் சான்றிதழ், பழைய அடையாளக் கார்டு, கோயில் திருவிழாப் படம் எதையும் குப்பையில் போடாதீர்கள். தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில், எத்தனை நிரை வெட்டினார்கள், எப்போது வெளியேற்றப்பட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால் இன்றே மனுச் செய்யுங்கள்.

லோ துரையின் வாழ்க்கையை அவர்கள் எழுதிவிட்டார்கள். நம் பாட்டனின் வாழ்க்கையை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?